பாதியில் நின்ற ஜார்

ஜனவரி 1, வியாழன்

இந்த டைரியைப் பியூலா அக்கா புத்தாண்டுக்கு வாங்கிக் கொடுத்தாள். எங்கள் அறிவியல் மிஸ், கவனித்ததை ஒரு பக்கமும் நினைத்ததை மறுபக்கமும் எழுதச் சொல்வார். நினைப்பதற்கெல்லாம் எனக்குத் தனிப் பக்கம் தேவையில்லை. கவனித்தது மட்டும் போதும்.

கவனித்தது: இப்போது வீட்டில் நான்கு பேர். அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பர். அம்மா கிறிஸ்டி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அக்காவுக்குப் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டைக்கு வந்தவள் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறாள். நான் ஜெமிமா, ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கட்டில் முழுவதும் எனக்கே. கை காலை நன்றாக நீட்டிப் படுக்கலாம்.

கிறிஸ்துமஸ் பலகாரத்தில் முந்திரிக்கொத்து தீர்ந்துவிட்டது.

ஜனவரி 3, சனி

அக்கா ஒரு லைப்ரரி எழுதியிருக்கிறாள். புத்தகங்கள் இருக்கும் இடம் இல்லை. மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு நிரல். அவள் கம்பெனியின் பஸ் டிக்கெட் ஆப், இணையத்தில் எதைக் கேட்டாலும் அந்த லைப்ரரி போய் வாங்கி வந்து கொடுக்கும். இரண்டு வருடமாக அவள் ஒருத்தியே எழுதியது. புது ஆப் வரும் இருபத்திரண்டாம் தேதி வெளியாகிறது.

இன்று அதைச் சோதித்துப் பார்த்தபோது ஒரு பிழை வந்தது. 'சுருக்கத்தை விரிக்க முடியவில்லை, தரவு சிதைந்துள்ளது' என்பது அதன் பொருள். மறுபடி ஓட்டினாள், வரவில்லை. இன்னும் ஐந்தாறு தடவை ஓட்டினாள், வரவில்லை. மூடி வைக்கப் போனாள், வந்தது.

"சுருக்கம்னா என்னக்கா?"

"மெத்தையச் சுருட்டிக் கயிறு கட்டி லாரில ஏத்துவாங்கல்லா, அப்படித்தான் அந்தப் பக்கத்துல இருந்து பதில் வரும். எடம் கம்மி, வேகமா வந்துரும். இந்தப் பக்கம் நம்ம ஆளு ஒருத்தன் கயித்த அவுத்து விரிக்கணும்."

அந்த ஆளுக்கு நான் 'அவிழ்ப்பான்' என்று பெயர் வைத்தேன். ஆங்கிலப் பெயரை விட இது நன்றாக இருக்கிறது என்று அக்காவே சொன்னாள்.

ஜனவரி 4, ஞாயிறு

அக்கா பெங்களூருக்குப் போகவில்லை. அவளுடைய மேலாளர் சுப்ரியா மேடம் போனில் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் எத்தனை தடவை ஓட்டினாலும் இந்தப் பிழை வரவில்லையாம். ஆனால் எங்கெங்கோ இருக்கும் சில பயணிகளுக்கு வந்திருக்கிறதாம். இப்போதைக்கு அவர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம் எங்கள் வீடுதான். அதனால் இங்கேயே இருந்து கண்டுபிடிக்க வேண்டும். இருபத்திரண்டுக்குள் காரணம் தெரியாவிட்டால் அக்காவின் லைப்ரரியைக் கழற்றிவிட்டு, வெளியே யாரோ எழுதிய வேறொன்றைப் போட்டுவிடுவார்கள்.

பாவம் அக்கா. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். வருத்தமாக இருப்பவர்களுக்கு இனிப்பு நல்லது என்று படித்திருக்கிறேன், ஆகவே கேசரி கிளறினேன். அவளுக்குக் கொஞ்சம் போதும் என்றாள். மீதியை நான் சாப்பிட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பள்ளி திறந்தாயிற்று. கணக்கில் 88. கையெழுத்துக்காக இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். இது நியாயமா என்று தனியாக எழுதவேண்டும்.

மாலையில் அக்கா ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பெட்டிகள், வரிசையாக.

"இதெல்லாம் அவிழ்ப்பானா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு செஞ்சா நேரமாகும். அதனால பத்தை அலமாரில வெச்சிருக்கேன். வேலை வந்தா ஒண்ணை எடுக்கும், அவுக்கும், முடிஞ்சதும் தொடச்சுத் திரும்ப அலமாரில வெச்சுரும். அடுத்த வேலைக்குக் கைக்கு வந்தத எடுக்கும்."

"நம்ம மிக்ஸி ஜார் மாதிரியா?"

"உனக்கு எப்பவும் சாப்பாட்டு நெனப்புதான்."

எங்கள் வீட்டில் மூன்று மிக்ஸி ஜார்கள் உண்டு. யார் அரைத்தாலும் கழுவித்தான் அலமாரியில் வைக்க வேண்டும். அலமாரியில் இருக்கும் ஜார் கழுவிய ஜார். யாரும் உள்ளே எட்டிப் பார்க்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். இது அம்மா போட்ட சட்டம். ஆஸ்பத்திரியிலும் ஊசி, கத்தரி எல்லாம் இப்படித்தான் என்று அம்மா சொல்வாள்.

ஜனவரி 8, வியாழன்

பிழை வரவில்லை. அக்கா நகம் கடிக்கிறாள்.

ஜனவரி 10, சனி

மாலையில் அக்கா குளிக்கப் போன நேரத்தில் பிழை வந்தது. நான் பாத்ரூம் கதவைத் தட்டி, "வந்துட்டு, வந்துட்டு!" என்று கத்தினேன். யாரோ விருந்தாளி என்று நினைத்து அம்மா அவசரமாகச் சேலையை மாற்றிக்கொண்டாள். பிறகு எனக்குத் திட்டு விழுந்தது.

பெங்களூரில் ஸ்வரூப் என்று ஒருவர் அக்காவுடன் வேலை செய்கிறார். அவருடைய அப்பா தமிழர், அம்மா கன்னடர். தினமும் போன் செய்து, "எனக்கு ஓடுதே, பியூலா" என்கிறார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு ஓடுது ஸ்வரூப், அதான் பிரச்சினையே" என்கிறாள்.

இன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

அப்பா: "ரௌட்டர் செவுத்தப் பாத்து இருக்கு. தெருவப் பாத்துத் திருப்பி வை."

அம்மா: "ஜெபம் பண்ணாம லேப்டாப்பத் தொறக்கா. நாஞ்சொன்னா யாரு கேக்கா?"

நான்: "சூடா இருக்கலாம். இல்லேன்னா பல்லி."

அக்கா எழுந்து போய்த் தயிர் ஊற்றிக்கொண்டாள்.

தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வேலை நடக்கிறது. காலையில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. அதுதான் காரணமோ என்று கேட்டேன். அக்கா அதை முதல் நாளே யோசித்துவிட்டாளாம். "நெட் போனா 'இணைப்பு இல்லை'ன்னு வேற ஒரு பிழை வரும். அது ஒழுங்கா வருது. இந்த மூதி வரும்போதெல்லாம் நெட் நல்லா இருக்கு. அதாம்ட்டி மண்ட காயுது."

காலை ஷிஃப்ட் என்றால் அம்மா சீக்கிரம் போய்விடுவாள். அப்பாதான் சட்னி அரைப்பார். இன்று பூண்டுச் சட்னி பாதி அரைபட்டதும் கரண்ட் போய்விட்டது. பூண்டை மென்று சாப்பிட்டோம்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று நடந்தது முக்கியமானது. வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வந்தேன். அக்கா சுப்ரியா மேடத்துடன் வீடியோ காலில் இருந்தாள். இன்னும் சிலர் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள். அக்காவின் முகம் வாடியிருந்தது. சப்போட்டா பழுத்திருந்தது. எனவே பால் சேர்த்து மில்க் ஷேக் போடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு கையில் புத்தகம் இருந்ததால் மற்ற கையால் அலமாரியிலிருந்து சின்ன ஜாரை எடுத்தேன். சட்டப்படி உள்ளே பார்க்கத் தேவையில்லை. போட்டேன், ஊற்றினேன், அரைத்தேன், டம்ளரில் எடுத்துப் போய் அக்கா பக்கத்தில் வைத்தேன்.

அக்கா பேசிக்கொண்டே பெரிய மடக்காகக் குடித்தாள்.

அதன் பிறகு திரையில் இருந்த எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தன. லேப்டாப் கண்ணாடி முழுவதும் சப்போட்டா. அக்காவின் கண்ணில் தண்ணீர். ஸ்வரூப், "பியூலா, ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டார்.

நானும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். பூண்டு. மிளகாய் வற்றல். ஓரமாகக் கொஞ்சம் சப்போட்டா.

அப்பா டெப்போவிலிருந்து வந்ததும் அம்மா விசாரணையைத் தொடங்கினாள்.

"ஜாரக் கழுவாம அலமாரில வெச்சது யாரு?"

"நான் கழுவாம வைப்பனா, கிறிஸ்டி?"

"காலைல சட்னி அரைச்சது நீங்கதான?"

"அரைச்சேன். பாதில கரண்ட் போயிட்டு. அரைபட்டத வழிச்சு எடுத்துட்டு மூடி அங்க வெச்சேன்."

"கழுவலயா?"

"முடிச்சாத்தான கழுவணும்? நான் எங்க முடிச்சேன்?"

அப்பா இதை உண்மையாகவே கேட்டார். அப்பாவைப் பொறுத்தவரை அரைப்பது, அரைத்து முடிப்பது, கழுவுவது, வைப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் வரிசை அறுந்துவிடுகிறது. ஜார் மட்டும் பழக்கத்தில் அலமாரிக்குப் போய்விடுகிறது. கரண்ட் வந்து, வீடே வெளிச்சமாகி, எல்லாம் சரியாக இருக்கும்போது, எதுவும் அறியாத ஒருத்தி வந்து அதை எடுக்கிறாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நினைத்ததை எழுதுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அக்காவிடம் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். இப்போது அவள் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 14, புதன்

விடுமுறை. அக்கா மிகவும் பிஸியாக இருந்ததால் கேட்க முடியவில்லை. மத்தியானம் கேரம் ஆடினோம். சிவப்புக் காயை நான்தான் போட்டேன். பிறகு அவள் எனக்கு மீன் பின்னல் போட்டுவிட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எதிர்வீட்டு இசக்கியம்மாள் சித்தி ஒரு தூக்குச் சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கிறிஸ்துமஸ் முறுக்குக்கு அது பதில். அக்கா இன்றும் பிஸி. மாலையில் இருவரும் சைக்கிளில் மைதானம் வரை போய்க் கரும்பு தின்றோம். வேலை விஷயம் பேசுவதற்கு அது சரியான இடமாகத் தெரியவில்லை.

ஜனவரி 17, சனி

மாவட்ட நூலகத்தில் கடல் ஆமைகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடுமாம். பல வருடம் கழித்து அதே கரைக்கு வருமாம். பாதிவரை படித்துவிட்டேன்.

அக்கா பிஸி.

ஜனவரி 19, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தபோது அக்கா பின்வாசலில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் கையில் இல்லை. அவளை லேப்டாப் இல்லாமல் பார்த்து நாளாகிறது.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்லட்டி. ஸ்வரூப் லைப்ரரியக் கழட்டுத வேலைய ஆரம்பிச்சுட்டான். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள எடுத்துருவாங்க." பிறகு, "ரெண்டு வருஷம்ட்டி. ஞாயித்துக்கிழமை கூட உக்காந்து எழுதுனேன்" என்றாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது அப்பாவின் துண்டு, ஈரமாக வேறு இருந்தது.

என் பையை இறக்கி வைத்தேன்.

"அக்கா, அவிழ்ப்பான் வேலைய முடிச்சதும் தொடச்சு வைக்கும்னு சொன்னல்லா?"

"ஆமா."

"முடிக்கலேன்னா?"

"முடிக்காம எப்படி…"

"மெத்தைய பாதி அவுத்துட்டு இருக்கும்போது கரண்ட் போயிட்டு. நெட் போயிட்டு. அப்ப அந்த அவிழ்ப்பான யாரு தொடைப்பா?"

அக்கா துண்டைக் கீழே இறக்கினாள்.

"அது பாட்டுக்கு அலமாரிக்குப் போயிரும்லா? உள்ள பாதி மெத்தையோட? அப்புறம் கரண்ட் வந்து, நெட் வந்து, எல்லாம் நல்லா இருக்கும்போது வேற யாராவது அத எடுத்தா…"

"சப்போட்டா," என்றாள் அக்கா.

ஓடினாள். என் பையில் கால் தட்டி விழப் பார்த்தாள், அப்படியும் ஓடினாள். திரையில் எதையோ வேகமாக மேலே தள்ளிக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றாள். நிறைய நேரம் அதையே பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"தொடைக்கிற வரிய 'முடிஞ்சா' அப்படிங்கறதுக்கு உள்ள எழுதிருக்கேன். அலமாரில வைக்கிற வரிய வெளிய எழுதிருக்கேன். முடிஞ்சாலும் முடியாட்டாலும் அது போய் உக்காந்துருது. அப்பா மாதிரியே!"

"எம் பிள்ளைல்லா," என்றார் அப்பா. அப்போதுதான் டெப்போவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதற்குப் பாராட்டு என்று அவருக்குத் தெரியாது.

தோன்றினால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். அப்பாவை மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நிறுத்தினாள். என்னை நடுவில், கூடத்துக் கதவருகே நிறுத்தினாள். பெரிய பதில் ஒன்றைக் கேட்டு, அது பாதி அவிழும்போது அக்கா கை தூக்குவாள், நான் கத்த வேண்டும், அப்பா அணைக்க வேண்டும்.

அக்கா கை தூக்கினாள்.

"இப்போ!"

"இப்பவா?"

"இப்பதாம்ப்பா!"

"அணைக்கவா?"

அதற்குள் மெத்தை முழுவதும் அவிழ்ந்துவிட்டது. இரண்டாம் முறை அப்பா சரியாக அணைத்தார். ஃபேன் நின்றது. ரௌட்டரின் விளக்குகள் செத்தன. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. 'இணைப்பு இல்லை' என்ற நல்ல பிழை வந்தது. அப்பாவிடம் மறுபடி போடச் சொன்னோம். ரௌட்டர் நிதானமாக எழுந்து ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டது. அக்கா ஒன்றன் பின் ஒன்றாக வேறு வேறு பதில்களைக் கேட்டாள். சரி. சரி. சரி. அலமாரியில் பத்து இருக்கிறதே, கழுவாதது கைக்கு வரவேண்டுமே. நான் கர்த்தரை வேண்டிக்கொண்டேன். எதற்காக என்பதை எனக்குள்ளே தெளிவாகச் சொல்லவில்லை.

சரி. சரி.

தரவு சிதைந்துள்ளது.

மூவரும் கத்தினோம். பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. மறுபடியும் செய்தோம், மறுபடியும் வந்தது. அப்பாவுக்குக் கை பழகிவிட்டதால் ஆசை வந்துவிட்டது. "இன்னொருக்க அணைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா உள்ளே வந்தபோது அப்பா மெயின் ஸ்விட்ச்சைப் பிடித்தபடி நிற்க, அக்கா நாற்காலியின் மேல் நிற்க, நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய என் மானம் போகுது, இங்க என்ன கூத்து?"

"அம்மா, தப்பு வந்துட்டு!" என்றாள் அக்கா, அத்தனை சந்தோஷமாக.

இரவுச் சாப்பாட்டின்போது அக்கா தீர்வைச் சொன்னாள். பாதியில் நின்ற அவிழ்ப்பான் இனி அலமாரிக்குப் போகாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்ளும்.

"தூக்கிப் போடுவியா?" என்றாள் அம்மா. "ஒரு ஜார் என்ன வெலன்னு தெரியுமா?"

தட்டுகளைக் கழுவும்போது அக்கா கேட்டாள். "உனக்கு எப்பட்டி இது தோணுச்சு?"

"சப்போட்டா அன்னைக்கு."

"அது போன செவ்வாக்கிழமைல்லா?"

"நீ பிஸியா இருந்த."

அக்கா குழாயை மூடினாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஈரக் கையால் என் பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டு மறுபடி குழாயைத் திறந்தாள்.

ஜனவரி 20, செவ்வாய்

அக்கா திருத்தத்தை அனுப்பினாள். ஸ்வரூப் கழற்றிய இடத்தில் மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறார். "இப்ப எனக்கு ஓடலையே, பியூலா" என்று போன் செய்தார். அவர் மாட்டியது தப்பான இடத்தில்.

அம்மா அலமாரியில் அப்பாவுக்காக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: 'முடித்தாலும் முடிக்காவிட்டாலும்.'

ஜனவரி 22, வியாழன்

ஆப் வெளியானது. அக்காவின் லைப்ரரி உள்ளே இருக்கிறது. பிழை வரவில்லை. நாளை சாயங்கால ரயில்.

ஜனவரி 23, வெள்ளி

அக்காவின் பையை அடுக்க உதவினேன். அம்மா வைத்த இட்லிப் பொடி, அதிரசம், ஊறுகாய் எல்லாவற்றுக்கும் இடம் பிடிப்பது சுலபமாக இல்லை. அக்கா மடித்து வைத்த துணிகளை எடுத்துச் சுருட்டி வைத்தேன். மெத்தை மாதிரி. நிறைய இடம் கிடைத்தது.

ஸ்டேஷனில் அப்பா, "வண்டி கரெக்ட் டயத்துக்கு எடுத்துட்டான்" என்று நாலைந்து தடவை சொன்னார். டைம் கீப்பர் என்றால் பாராட்டத்தானே வேண்டும்.

கட்டில் மிகவும் அகலமாக இருக்கிறது. தகவலுக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் அக்கா போன் செய்தாள்.

பெங்களூரில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஒரு பிழையைத் திருத்தினால், அது மறுபடி வராமல் பார்த்துக்கொள்ள ஒரு சோதனையும் எழுத வேண்டும். யார் எந்த வரியை மாற்றினாலும் அந்தச் சோதனை தானாக ஓடும். அக்கா எழுதிய சோதனை ஒரு பதிலைக் கேட்கும், பாதி அவிழும்போது கரண்ட் போன மாதிரி நடிக்கும், பிறகு கரண்ட் வந்த மாதிரி நடித்து அலமாரியைச் சரிபார்க்கும். அதற்குச் 'சப்போட்டா' என்று பெயர் வைத்திருக்கிறாள். ஸ்வரூப் அர்த்தம் கேட்டாராம். நேரில் பார்த்தவர்தானே, தெரியாதா என்றாளாம்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ ஓடும்?"

"எண்ண முடியாது. இருபது பேரு எழுதுதோம். அத்தன தடவையும் இங்க நம்ம வீட்டுக் கரண்ட் போகும், வரும்."

நான் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில், கரண்டே போகாத இடத்தில், நாள் முழுவதும் எங்கள் ஃபேன் நின்று நின்று சுற்றுகிறது.

"அப்புறம்," என்றாள் அக்கா, "எம் பையில துணிக்கு நடுவுல ஒரு ஆமப் புஸ்தகம் இருக்கு. நூலக முத்திரையோட."

"ஐயோ. அடுக்கும்போது தவறிப் போய் விழுந்திருக்கும்."

"ரெண்டு துண்டச் சுத்தி, நல்லா உருட்டி, அடில வெச்சாப்ல விழுந்திருக்கு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பிப்ரவரி ஆறாந்தேதி திருப்பிக் கொடுக்கணும் போல. கொரியர்ல போட்டு விடட்டா?"

"கொரியர்ல தொலஞ்சுரும்க்கா. நூலகப் புத்தகம். அபராதம் போடுவாங்க. என் கார்டையே பிடுங்கிருவாங்க."

போனில் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"பாதி வரைக்கும்தான படிச்சிருக்க? அடையாளத்துக்குத் தீப்பெட்டி அட்ட இருக்கு."

"ஆமா."

"பாதில நிக்கிறத அப்படியே விடக் கூடாதுல்லா," என்றாள் அக்கா. "அந்த ஆறாந்தேதி வெள்ளிக்கிழமைதான். ராத்திரி ஏறுதேன். சனிக்கிழமைக்குச் சப்போட்டா வாங்கி வை. ஜார எட்டிப் பாத்துட்டு அரைக்கணும், என்ன?"

கவனித்தது: அந்தச் சனிக்கிழமை ஏழாம் தேதி. ஒரு நாள் அபராதம் கட்ட வேண்டிவரும். பரவாயில்லை.